நிவித்திகலையில் ஆலங்கட்டி அடித்த நீலக் காரை இரத்தினபுரி ஏலத்தில் எடுத்தது

கேகாலையில் ஒன்பது வருடமாகக் கார் ஓட்டப் பழக்குகிறேன். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அடுத்தவர் ஓட்ட, நான் அதன் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கென்று, நான் மட்டும் ஓட்ட ஒரு கார் வேண்டும் என்று வெகுநாள் ஆசை. அதுவும் ஸ்போர்ட்ஸ் கார். ரப்பர் தோட்டத்தில் பிறந்த முப்பத்தாறு வயதுப் பெண்ணுக்கு இது அதிகம்தான். வீட்டிலும் சொன்னார்கள்.

2008 மே மாதம், காப்புறுதிக் கம்பெனி ஒன்று சேதமான வாகனங்களை இரத்தினபுரியில் ஏலம் விடுவதாகப் பத்திரிகையில் பார்த்தேன். பட்டியலில் பதினொன்றாவது, இரண்டு கதவு, இரண்டு இருக்கை ஜப்பான் கார். சேதத்துக்கான காரணம்: ஆலங்கட்டி மழை. விபத்தும் வெள்ளமும் கேள்விப்பட்டதுதான். ஆலங்கட்டியால் ஒரு கார் ஏலத்துக்கு வந்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

வியாழக்கிழமை காலை 5.20க்குக் கேகாலையில் பஸ் ஏறினேன். அவிசாவளைக்கு 62 ரூபாய். அங்கே இறங்கி, நின்றபடியே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, இரத்தினபுரி பஸ். அதற்கு 58 ரூபாய். மொத்தம் சுமார் 87 கிலோமீட்டர். 8.40க்கு இரத்தினபுரி ஸ்டாண்டில் இறங்கியபோது நியாஸ் நானா எனக்கு முன்பே வந்து நின்றார். கொடகவெலயில் டிங்கரிங் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன். முன்பு கேகாலையில் இருந்தபோது, என் பயிற்சிக் காரை மாணவர்கள் எங்கே இடித்தாலும் அவர்தான் தட்டி நிமிர்த்தினார். ஏலத்துக்குப் போகிறவர்கள் இப்படி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாள் கூலியும் சாப்பாடும் சேர்த்து எனக்கு 1,500 ரூபாய் ஆனது.

ஏல முற்றம் நகரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர். த்ரீவீலுக்கு 120 ரூபாய். ஒன்பது மணியிலிருந்து பத்தரை வரை வாகனங்களைப் பார்க்கலாம். ஆனால் ஸ்டார்ட் செய்ய விடமாட்டார்கள்.

கடும் நீலக் கார். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. கிட்டப் போனால் பானெட், கூரை, டிக்கி எல்லாம் அம்மை வடு மாதிரி. பின் கண்ணாடி இல்லை, பொலித்தீன் ஒட்டியிருந்தார்கள். நியாஸ் நானா பானெட்டை மட்டும் எண்ணினார். நாற்பத்தொரு பள்ளம். பிறகு காருக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"சேசிஸ் நேரா ஈக்கு தங்கச்சி. என்ஜின்ல ஒயில் ஒழுக்கு இல்ல. மேலதான் அடி. கம்பெனிக்காரன் புது பாட்ஸ் கணக்குப் பார்த்துப் பயந்துட்டான், அவ்வளவுதான்."

அப்போது காவல்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். காக்கிச் சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது. நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டுத்தான் வந்திருக்கிறார்.

"என்ஜின் நல்ல என்ஜினுங்க. பதினாறு மாசம் நான்தான் கழுவித் தொடச்சேன்" என்றார்.

அவர் பெயர் மருதை. நிவித்திகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். தோட்டத்தின் பெயரை அவர் சொன்னார், நான் எழுதப்போவதில்லை. கார் அந்தத் தோட்டத்துத் துரையுடையது, அதாவது மேனேஜருடையது. ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டேன். காரைக் கையால் காட்டினார்.

"சனவரியில ஒரு நாளு, மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம். கல்லுக் கல்லா கொட்டுச்சு மிஸ். கொட்டப்பாக்கு அளவு. பொம்பளைங்க முப்பது பேரு நடு மலையிலேர்ந்து ஓடி வாறாங்க. ஒரு புள்ளைக்குத் தலை பொளந்து ரத்தம். ஒதுங்குறதுக்கு அங்க இருந்தது ஒரே ஒரு ஷெட்டு. அதுக்குள்ள இது நிக்குது. நியூட்ரல்ல போட்டு வெளிய தள்ளிட்டு அவங்களை உள்ள விட்டேன்."

மறுநாளே வேலை போய்விட்டது. அவர் லேபர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். துரையின் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் செய்தார் என்று தோட்டத்திலிருந்து கடிதம் வந்ததாம். பதினேழு வருட சர்வீஸ் பணம் அதோடு நின்றுபோனது. மருமகன் பிடித்துக் கொடுத்த வேலை இந்தக் காவல். அவர் சேர்ந்து ஆறு வாரத்தில் இந்தக் காரையும் இங்கேயே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள்.

பத்தரைக்கு ஏலம் தொடங்கியது. பதினொன்றாம் இலக்கம் வர 11.50. மூன்று லட்சத்தில் ஆரம்பித்தார்கள். கழற்றி விற்பதற்காக வந்த கொழும்பு வியாபாரி ஒருவர் பத்தாயிரம் பத்தாயிரமாக ஏற்றினார். என் எல்லை நான்கு லட்சம். நான் ஐயாயிரம் மட்டும் ஏற்றி மூன்று எண்பத்தைந்து சொன்னதும் அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். கார் எனக்கு விழுந்தது. அன்றே முழுப் பணமும் கட்டினால் அன்றே காரைக் கொண்டுபோகலாம் என்றார்கள். வங்கிக்கு ஓடிப் போய், பணம் கட்டி, திரும்பி வர 2.10. என் வங்கிக்கு இரத்தினபுரியில் கிளை இருந்ததால்தான் முடிந்தது. இதையும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாவியோடு ஒரு கோப்பும் தந்தார்கள். மதிப்பீட்டாளரின் அறிக்கை, படங்கள், இழப்பீடு கேட்டுத் துரை எழுதிய வாக்குமூலத்தின் பிரதி. எல்லாம் ஆங்கிலம். கேட்டுக்குப் பக்கத்தில் மருதை காத்திருந்தார்.

"என்னைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்றீங்களா மிஸ்?"

படித்தேன். அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. "வழக்கமாக நிறுத்தும் வெளியிடத்தில் காரை நானே நிறுத்தியிருந்தேன், பக்கத்தில் கொட்டகை ஏதும் கிடையாது, வேறு யாரும் காரைத் தொடவில்லை" என்று இருந்தது. கீழே துரையின் கையொப்பம். வேலையாளே தள்ளிவிட்டார் என்றால் காசு கிடைக்காமல் போகுமோ என்று பயந்து அப்படி எழுதினாரோ என்னவோ. தமிழில் இரண்டு தடவை சொன்னேன். மருதை இரண்டாவது தடவைதான் புரிந்துகொண்டார்.

"அப்ப நான் தொடவே இல்லைன்னு அவரே எழுதியிருக்காரு?"

"ஆமா. கையெழுத்தும் போட்டிருக்காரு."

நியாஸ் நானா என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனார். "தங்கச்சி, காசு கட்டிட்டீங்க. காரு இன்னம் உங்க பேருக்கு வரல்ல. மாத்துற தாள்ல தொரை ஒப்பம் வைக்கணும். இத இப்ப லேபர் ஆபீஸ்ல கெளப்பினா அவர் ஒப்பம் வைப்பாரா? காப்புறுதிக்காரனும் பிரச்சினை எடுப்பான்."

அவர் சொன்னது சரி. எதிர்க் கடையில் நான்கு ரூபாய்க்குப் பிரதி எடுத்து மருதையிடம் கொடுத்தேன். கூடவே இதையும் சொன்னேன்: "அண்ணே, கார் என் பேருக்கு மாறுற வரைக்கும் இத யாருக்கும் காட்டாதீங்க. ரெண்டு வாரம். நானே போன் பண்றேன்."

"நாலு மாசம் இருந்தாச்சு மிஸ். ரெண்டு வாரந்தானே" என்றார். தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

3.25க்குக் கிளம்பினேன். பெட்ரோல் 1,500 ரூபாய்க்கு. நியாஸ் நானா ஸ்டாண்ட் வரை வந்து இறங்கிக்கொண்டார். குருவிட்ட தாண்டியதும் பாதை கொஞ்சம் காலியாக இருந்தது. மூன்றாவது கியரில் இழுத்துப் பார்த்தேன். கார் குனிந்து ஓடியது. பொலித்தீன் படபடவென்று அடித்தது. ஒன்பது வருடத்தில் நான் அப்படி ஓட்டியதில்லை. அந்த முக்கால் மணி நேரம் மருதையை நினைக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

யுத்த காலம்; அவிசாவளைக்கு முன்னால் ராணுவ செக்பாயிண்ட். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், அடிபட்ட கார், பெயர் மாறாத தாள்கள். இருபத்தைந்து நிமிடம் நிறுத்தி வைத்தார்கள். டிக்கியையும் இருக்கைகளுக்கு அடியையும் பார்த்தார்கள். கடைசியில் இளம் சிப்பாய் ஒருவன் பானெட்டைத் தடவியபடி, "மேக்கட மொகத உனே?" என்றான். இதற்கு என்ன ஆனது என்று கேட்கிறான். "அயிஸ் வெஸ்ஸ", ஆலங்கட்டி மழை என்றேன். அவன் நம்பவில்லை. மதிப்பீட்டாளரின் படங்களைக் காட்டிய பிறகே சிரித்தான். கேகாலைக்கு வந்து சேர 6.50.

பெயர் மாற்றம் இரண்டு வாரத்தில் முடியவில்லை. தாள் துரையிடம் போனது, கம்பெனிக்குப் போனது, ஒரு எழுத்துப் பிழையால் திரும்பியது. ஏழு வாரம் எடுத்தது. அதற்கிடையில் மருதை ஒருமுறைகூட எனக்கு போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன். என் பெயர் போட்ட பதிவுப் புத்தகம் கைக்கு வந்த அன்று, அவர் தந்திருந்த மருமகனின் நம்பருக்கு அடித்தேன்.

மருதை எடுத்ததும் கேட்டது ஒன்றுதான்: "இப்ப போகலாங்களா?"

மறுநாளே லேபர் ஆபீசுக்குப் போயிருக்கிறார். இரண்டு விசாரணைகள். மூன்றாவதற்குத் துரை வரவில்லை, தோட்டத்திலிருந்து செக் வந்தது, பதினேழு வருட சேவையை ஒத்துக்கொள்ளும் கடிதமும் வந்தது. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தைக் காட்டி இப்போது இரத்தினபுரியில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். இழப்பீடு விஷயத்தில் துரைக்கு ஏதும் நடந்ததாக எனக்குத் தெரியாது.

காரைப் பற்றி: பின் கண்ணாடியும் டிங்கரிங்கும் பெயின்டும் சேர்த்து 1,40,000 ரூபாய். கூரையில் சில பள்ளங்கள் எடுபடவில்லை. லீட்டருக்குப் பதினொரு கிலோமீட்டர் ஓடுகிறது. மழைக்காலத்தில் கதவுப் பக்கம் கசிகிறது. ஏலத்துக்குப் போகிறவர்கள் பெயர் மாற்றத்துக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். கோப்பின் பிரதியைப் பணம் கட்டும் முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள்.

போன மாதம் மருதை மனைவியோடு கேகாலைக்கு வந்திருந்தார். அந்த ஏழு வாரம் பற்றி நானாகவே பேச்செடுத்தேன். பேசாமல் அன்றே தாளைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லியிருக்கலாம் என்றேன். அவர் மனைவிதான் சொன்னார்.

"அந்தத் தாளைத் தெனமும் ரெண்டு வேளை எடுத்துப் பார்ப்பாரு மிஸ். நனைஞ்சிருச்சா, எலி கடிச்சிருச்சான்னு. கடைசி ரெண்டு வாரம் தூங்கவே இல்ல. நீங்க எங்களை மறந்துட்டீங்கன்னு நான்தான் சொன்னேன். இவரு கேக்கலை."

நான் சாவியை எடுத்து மருதையிடம் நீட்டினேன். அவர் வாங்கிக்கொண்டார். மனைவியை ஏற்றிக்கொண்டு கீழ்ப்பாதையில் இறங்கிப் போனார். நான் கேட்டில் நின்றுகொண்டிருந்தேன். பத்து நிமிடத்தில் வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒன்றரை மணி நேரம் ஆனது.