ஏழாம் தட்டில் ஒரு வேர்

வேரில் வாழும் பூசணத்தை வேரே இல்லாமல் வளர்த்துவிட்டோம் என்று எங்கள் மேலாளர் தலைமையகத்துக்குப் போனில் சொல்லி முடித்த பிறகுதான் நான் ஏழாம் தட்டைத் திருப்பிப் பார்த்தேன். லேபிளுக்கு அடியில் வெள்ளை இழையாக ஒரு கேரட் வேர் சுருண்டு கிடந்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: விவசாயிகள் ‘வேம்’ என்று வாங்கிப்போகும் இந்தப் பூசணம், மண்ணிலிருந்து மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, எடுத்து வேருக்குக் கொடுத்து, பதிலுக்குச் சாப்பாடு வாங்கிக்கொள்ளும். அதனால் மக்காச்சோளத் தொட்டியில்தான் வளர்ப்போம். கே.ஜி.கண்டிகை பக்கம் இருந்த எங்கள் ஆய்வகத்தில், அகார் கூழில், வேர் தரும் சாப்பாட்டுக்குப் பதில் கொழுப்பு அமிலம் கலந்து, செடி இல்லாமல் வளர்க்கப் பார்த்தோம். பத்துத் தட்டு. செய்முறையை எழுதியவன் நான். கை கழுவுவதற்கே ஒரு பக்கம்.

பிறகு கண்புரை அறுவைக்காக ஆறு வாரம் விடுப்பில் போனேன். தட்டுகளைப் பார்த்துக்கொண்டவர் கஸ்தூரி. ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர். பதினோரு வருடமாக ஒப்பந்த ஊழியர். அவரை நிரந்தரமாக்கும் கோப்பு அப்போதுதான் மேலாளர் மேசைக்கு வந்திருந்தது. நான் திரும்பி வந்த அன்று ஏழாம் தட்டில் மட்டும் புது வித்துகள் நிறைந்திருந்தன; அதைப் பார்த்துத்தான் மேலாளர் போனை எடுத்தார்.

“கஸ்தூரி, இது என்னம்மா?”

“வேரு சார். நாந்தான் வெச்சேன். எல்லாம் நூல் வுட்டு தேடிகினே இருந்துச்சிங்க. ஒண்ணும் கெடைக்கல, அப்படியே நின்னுபோச்சி. இது ஒண்ணாச்சும் பொழைக்கட்டும்னு ஒரு துண்டு வெச்சேன்.”

“வேர் வைக்கச் சொல்லி நான் எங்கயாவது எழுதியிருக்கேனா?”

“பட்டினி போடச் சொல்லியும் எழுதல சார்.”

அவரை நுண்ணோக்கியின் முன் உட்கார வைத்து, மூன்றாம் தட்டைக் காட்டினேன். வேர் கிடைக்காத பூசணம் உடனே செத்துப்போவதில்லை. நூலில் இருக்கும் உயிர்ச்சாற்றை வித்துக்குள் இழுத்துக்கொண்டு, காலி நூலைக் குறுக்கே அடைத்துவிட்டு, மறுபடி முளைக்கக் காத்திருக்கும்.

“அப்ப சாகல?”

“சாகல. வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கு.”

அவர் ஐபீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?”

செய்முறையை மீறினால் நிரப்ப வேண்டிய விலகல் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில், ‘ஊழியருக்கு விளக்கம் தரப்படவில்லை’ என்று எழுதி, என் கையெழுத்தைப் போட்டு மேலாளரிடம் எடுத்துப்போனேன். கஸ்தூரியும் வந்தார்.

“யோவ், நான் மலைக்கோயிலுக்குப் போய் அர்ச்சனையே பண்ணிட்டு வந்துட்டேன்! வேர் வெச்சது யாருய்யா?”

“நாந்தான் சார்” என்றார் கஸ்தூரி, நான் வாய் திறப்பதற்குள்.

“மறைச்சு வெச்சிகினு இருந்தியா?”

“மறைக்கல சார். அன்னிக்கே ரிஜிஸ்டர்ல எழுதிட்டேன்.”

எழுதித்தான் இருந்தார். ‘ஏழாம் தட்டு. கேரட் வேர் ஒன்று வைக்கப்பட்டது.’ தேதி, நேரம் எல்லாம் இருந்தது. கீழே, சரிபார்த்ததற்கு அடையாளமாக, மேலாளரின் கையெழுத்து.

மேலாளர் ரிஜிஸ்டரை மூடினார். பிறகு தலைமையகத்துக்குப் போன் போட்டு, “சார், தப்பா சொல்லிட்டேன்” என்றார். இத்தனை வருடத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். கஸ்தூரியின் கோப்பு அந்த வாரமே கையெழுத்தாகிப் போனது. அதை மட்டும் படித்துப் பார்த்துவிட்டுப் போட்டாராம்.

இளையவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். உயிருள்ள ஒன்றை ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது, செய்முறையோடு அதன் சுபாவத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். எனக்கு இருபது வருடமாகத் தெரிந்த ஒரு விஷயத்தை நான் சொல்லாமல் போனதால், ஒரு பெண் ஆறு வாரம் தினமும் காலையில் பஸ் ஏறி, ஒன்பது சாவுகளைப் பார்க்கப் போகிறோம் என்ற பயத்தோடு வந்துகொண்டிருந்திருக்கிறார்.