நாற்காலியில் உட்கார்ந்த மின்னல்

எங்கள் கட்டடத்தில் அவளை உண்மைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். மின்னல் என்றால்தான் நிற்பாள், அதுவும் பேச்சில் ஏதாவது சுவாரசியம் இருந்தால். கீழே பல் டாக்டர் வீடு, நடுவில் நாங்கள், மேலே வக்கீல் வீடு. மூன்று வீட்டுப் பாத்திரமும் தரையும் துணியும் அவள் பொறுப்பு. மூன்றையும் முடித்துவிட்டு அவள் கிளம்பும்போது நான் இன்னும் காலை டீயை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

வேகம் என்றால் சுத்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் கட்டிலுக்கு அடியில் அவள் துடைப்பம் போனதே இல்லை. கேட்டால், "அங்க யாரு அக்கா போய்ப் பாக்கப் போறாங்க?" என்பாள். கோப்பையின் காது உடைந்தால், உடைந்த பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி அடுக்கிவிடுவாள். கீழ் வீட்டுச் சேதியை மேல் வீட்டுக்குக் கொண்டுபோவாள், வழியில் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்து. புருஷன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஒருநாள் வேலைக்குப் போனவன் வேறொருத்தி வீட்டோடு தங்கிவிட்டான். "போனா போறான் அக்கா. ஏணியையும் எடுத்துட்டுப் போயிட்டான். அது நான் வாங்கின ஏணி" என்று இன்றைக்கும் வயிறு எரிவாள். மகள் ஒருத்தி வெளியூரில் ஹாஸ்டலில் இருந்து நர்ஸுக்குப் படிக்கிறாள். அவளைப் பற்றிப் பேசும்போது மட்டும் மின்னலின் குரல் கொஞ்சம் தணியும்.

அப்படிப்பட்டவள் படிக்கட்டில் விழுந்தாள். ஒரு கையில் வக்கீல் வீட்டுக் குப்பைப் பை, இன்னொரு கையில் எங்கள் வீட்டுக் குப்பைப் பை. ஒரு வேலைக்கு இரண்டு நடை நடப்பது அவள் சரித்திரத்திலேயே கிடையாது. கைப்பிடியைப் பிடிக்கக் கையில்லாமல் உருண்டு, எங்கள் வாசலுக்கும் பல் டாக்டர் வாசலுக்கும் நடுவில் வந்து கிடந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆஸ்பத்திரியில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டு, அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று சாயங்காலமே மூன்று வீட்டுக்காரர்களும் படிக்கட்டில் கூடிவிட்டோம். எலும்பு யார் வீட்டுக் கணக்கில் உடைந்தது என்பதுதான் பேச்சு.

"படிக்கட்டு பொது இடம். அங்க நடந்ததுக்கு எந்த வீட்டையும் பொறுப்பாக்க முடியாது" என்று வக்கீல் தீர்ப்பையே சொல்லிவிட்டார்.

"அவ கையில எங்க வீட்டுக் குப்பை இல்லவே இல்ல" என்றார் பல் டாக்டர். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். பாதிச் சம்பளம் தருவதாகவும், தினமும் பால் குடிக்கச் சொல்லும்படியும் என்னிடம் மெதுவாகச் சொன்னார். வக்கீல் வீட்டம்மா மறுநாளே வேறொரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டாள். தற்காலிகமாகத்தானாம்.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் ஆபீசில் நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களுக்கு எந்த விதியைக் காட்டி இல்லை என்று சொல்லலாம் என யோசித்தே தலை நரைத்தவர் இவர். ஓய்வு பெற்ற பிறகுதான் மனசு தாராளமானது. சொந்தக் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லாததால் இருக்கலாம். அன்று படிக்கட்டில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "கை சரியாகிற வரைக்கும் முழுச் சம்பளமும் நாங்க குடுப்போம். மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்கு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, உள்ளே வந்து சிங்க்கைப் பார்க்கும் வரைக்கும்.

"அப்போ பாத்திரம்?" என்றேன்.

"கொஞ்ச நாளைக்கு நாமே பாத்துக்கலாம்."

நாம் என்று அவர் சொன்னால் அதில் அவர் இருக்க மாட்டார் என்பது கல்யாணமான புதிதிலேயே எனக்குத் தெரிந்த விஷயம்.

"அதுவரைக்கும் இன்னொரு ஆள் வெச்சுக்கலாமே?"

"ஒரே வேலைக்கு ரெண்டு சம்பளமா? நல்லா இருக்கே!"

ஆக, தாராள மனசு அவருடையது, தேய்க்கிற கை என்னுடையது என்று ஆயிற்று. ஊரெல்லாம் அவரைப் பாராட்டியது. என் விரல் நுனியெல்லாம் சோப்பில் ஊறிச் சுருங்கியது.

சம்பளம் கொடுத்த மறுநாள் காலை மின்னல் வழக்கமான நேரத்துக்கு வந்து நின்றாள். மாவுக்கட்டைக் கழுத்தில் துணியால் தொங்கவிட்டிருந்தாள். பால்கனியிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இடது கையால் இழுத்து வந்து சமையலறை வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"வீட்டுல போய்ப் படுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"வீட்டுல என்ன அக்கா இருக்கு? நான் பாட்டுக்கு ஓரமா இருக்கேன். நீங்க வேலையைப் பாருங்க."

பார்த்தேன். அவளும் பார்த்தாள். முதுகில் இரண்டு கண் ஒட்டிக்கொண்டிருக்கும்போது பாத்திரம் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். போதாததற்கு அவளுக்கு டீ போட்டு, அந்தத் தம்ளரையும் நானே கழுவினேன். இவருக்கோ ஆனந்தம் தாங்கவில்லை. "உழைக்காம வாங்குற காசு அவளுக்கு உறுத்துது. அதான் வந்து உக்காருறா. என்ன ஒரு தன்மானம்!" என்று நடைப்பயிற்சிக் கூட்டாளிகளிடமெல்லாம் சொல்லி வைத்தார்.

நான் மதியத்துக்கு மேல் ஒரு நூலகத்துக்கு வேலைக்குப் போகிறவள். காலை நேரம்தான் எனக்குக் கிடைப்பது. அதனால் ஒருநாள் சீக்கிரம் எழுந்து, அவள் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். மின்னல் வந்து சிங்க்கை எட்டிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமே இல்லையே அக்கா!"

"முடிச்சுட்டேன்."

"எல்லாத்தையுமா?"

அன்று டீகூடக் குடிக்காமல் போய்விட்டாள். இவரிடம் சொன்னால், "வேலையே இல்லன்னு தெரிஞ்சா அவ மனசு என்ன பாடுபடும்? கொஞ்சம் மிச்சம் வைக்கக் கூடாதா?" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார். அன்றிலிருந்து குக்கரையும் இரண்டு தட்டையும் அவள் கண்ணுக்காகவே கழுவாமல் வைக்க ஆரம்பித்தேன். மிச்சம் வைக்க மறந்த நாள்களில் சுத்தமான தட்டை எடுத்து எண்ணெய் தடவி சிங்க்கில் போட்டதும் உண்டு. இந்தக் கூத்தை வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா?

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன். "உண்மையைச் சொல்லு. எதுக்குத் தினமும் வந்து உக்காருற? சார் சொல்ற மாதிரி மனசு உறுத்துதா?"

விழுந்து விழுந்து சிரித்தாள். "உறுத்தலா? எனக்கா? குடுக்கிற காசை வாங்குறதுக்கு என்ன அக்கா உறுத்தல்?"

"பின்ன?"

சிரிப்பு நின்றது. "மேல் வீட்டைப் பாத்தீங்கல்ல? தற்காலிகம்னு வந்தவ இப்ப அவங்க நாய்க்குச் சோறு வைக்கிறா. அந்த நாய் என்னைப் பாத்துக் குரைக்குது. கை ஒடிஞ்சா கூடிடும் அக்கா. வீடு போச்சுன்னா போனதுதான். பொண்ணு படிப்பு முடியிற வரைக்கும் இந்த ரெண்டு வீடாவது எனக்கு நிக்கணும். நான் தினம் கண்ணுல பட்டுட்டே இருந்தா, இன்னொருத்தியைக் கூப்பிட உங்களுக்கு வாய் வருமா?"

வராதுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. தன்மானம், நன்றி என்று இவர் ஊரெல்லாம் அளந்துகொண்டிருக்க, அவள் தன் இடத்துக்குக் காவல் இருந்திருக்கிறாள்.

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். விரல்கள் மடங்கவில்லை. இன்னும் சில மாதம் ஆகும் என்று சொல்லி, அமுக்கிப் பழக ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அனுப்பினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து அதை அமுக்குவாள். பந்து நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடும். நான்தான் தவழ்ந்து போய் எடுப்பேன், தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வருவேன்.

இவருடைய மனுஷத்தன்மை அந்த வாரத்தோடு தீர்ந்துபோனது. ஹாலில் ஸ்டூலின் மேல் காலைத் தூக்கிப் போட்டு, முகத்துக்கு நேரே பேப்பரை விரித்துக்கொண்டு சொன்னார். "கட்டுதான் பிரிச்சாச்சே, இன்னும் எத்தனை நாளைக்கு? வேலை செய்யாம உக்காந்திருக்கிறவங்களுக்குச் சம்பளம் குடுக்கிற வழக்கம் எந்த ஊர்ல இருக்கு?"

மின்னல் இருப்பது தெரிந்துதான் சொன்னாரா, மறந்து சொன்னாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பந்தை அமுக்கிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். எழுந்து நேராக சிங்க்குக்குப் போய், வலது கையால் குக்கரைத் தூக்கினாள். அது கையோடு நிற்கவில்லை. தரையில் விழுந்து வீடே அதிர்ந்தது. குனிந்து இடது கையால் அதை எடுக்கப் போனாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"இந்த ஊர்லதான் இருக்கு. மாசம் பொறந்தா உங்க பேருக்கு பாங்க்ல வந்து விழுதே, அது என்னவாம்?"

பேப்பர் இறங்கியது. "அது பென்ஷன்! நான் உழைச்சதுக்கு!"

"அவ மட்டும் இங்க விளையாடிட்டா இருந்தா? சரி, உங்க சட்டப்படியே வெச்சுக்கலாம். உக்காந்திருக்கிற யாருக்கும் இந்த வீட்டுல ஒண்ணும் கிடையாது, டீ உள்பட. அவ எழுந்துட்டா. நீங்களும் எழுந்திருங்க."

எழுந்து சிங்க்குக்கு வந்துவிட்டார். எனக்கே ஆச்சரியம். முதல்நாள் தட்டைவிட அவர் சட்டைதான் நன்றாக நனைந்தது. பக்கத்தில் நின்று மின்னல், "சார், தட்டுக்குப் பின்பக்கமும் ஒண்ணு இருக்கு" என்று சொல்லிக் கொடுத்தாள். ஆனால் மனிதர் விடவில்லை. நஷ்டஈட்டு மனுவைத் துருவிய அதே கண்ணோடு ஒவ்வொரு கரண்டியையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கொஞ்ச நாளில் தரையும் துடைத்தார். கட்டிலை நகர்த்தி அடியில் பெருக்கி, நான் தொலைத்துவிட்டதாக அழுத ஒற்றைத் தோட்டை எடுத்துக் கொடுத்தார். நான் டீத் தம்ளரோடு பால்கனியில் காலை நீட்டி உட்கார்ந்து, ஆறுவதற்குள் குடித்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு சந்தோஷமாக இருந்த காலைகள் எனக்கு இல்லை.

ஒரு ராத்திரி, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி முடித்து, இவர் கைகளைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். "யோசிச்சுப் பாத்தேன். மொத்த வேலையும் நானே முடிச்சுடறேன். அவ சும்மா வந்து நிக்கிறா, அவ்வளவுதான். இனிமே நமக்கு ஆளே வேண்டாமே!" என்று பரிசு வாங்கப் போகும் பையன் மாதிரி நின்றார். கெட்ட எண்ணம் எதுவும் அவர் மனசில் இல்லை. அதுதான் எனக்குப் பகீர் என்றது. நான் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் மின்னல் வாசலிலேயே என் கையைப் பிடித்து நிறுத்தினாள். இவர் சொன்னது அவளுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"அக்கா, சாரை மறுபடி உக்கார வைங்க" என்றாள்.

"ஏன்? நல்லாத்தானே செய்யுறாரு?"

"அதான் அக்கா பயமா இருக்கு. நேத்து ஜன்னல் கம்பியெல்லாம் துடைச்சு வெச்சிருக்காரு. நான் ஒருநாள்கூட அதைத் தொட்டதில்ல. நாளைக்குக் கை நல்லாயிட்டாலும் என்னை எதுக்கு வெச்சுப்பீங்க? இன்னொருத்தி வந்தா சண்டை போட்டாவது துரத்துவேன். வீட்டுக்கு உடையவரை எப்படித் துரத்துறது?" கண்ணில் நீர் நின்றது. துடைக்க வலது கையைத் தூக்கி, அது வராமல் இடது கையால் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு அழுகையும் வந்தது, அவள்மேல் ஆத்திரமும் வந்தது. இந்த ஆளை எழுப்பி நிற்க வைக்க எனக்கு ஒரு ஆயுசே ஆகியிருக்கிறது. ஏதோ பெருந்தன்மையில் அந்த நிமிஷமே முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். பால்கனிக்குப் போய்க் கடைசித் தடவையாக ஒரு டீ குடித்தேன். பிறகு உள்ளே போய் இவர் கையிலிருந்து நார்ப்பஞ்சைப் பிடுங்கினேன்.

"போதும். போய் உக்காருங்க."

"ஏன்? நான் நல்லாத் தேய்க்கலையா?"

"நல்லாத்தான் தேய்க்கிறீங்க. போய் உக்காருங்க."

அடிபட்ட முகத்தோடு ஹாலுக்குப் போனார். ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது, பிறகு பேப்பர் விரியும் சத்தம். மின்னல் சிங்க் ஓரமாக வந்து நின்று ஒரு தம்ளரை எடுத்தாள். மூன்று விரல் மடங்கியது, இரண்டு மடங்கவில்லை. முன்பெல்லாம் ஒரு வீட்டையே முடிக்கும் நேரம் அந்த ஒரு தம்ளருக்கு ஆயிற்று. மீதியெல்லாம் நான் தேய்த்தேன்.

"டீ கிடைக்குமா?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள், தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமலே, உரக்கச் சொன்னாள்.

"கொஞ்சம் பொறுங்க சார். வேலையா இருக்கேன்."