கழிவென்று கொட்டச் சொன்ன நாற்பத்தெட்டுக் குழாய்கள்

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் டப்பாக்கா. இருபத்திரண்டு வருடமாக உதவியாளர். காலி டப்பாவைக்கூடத் தூக்கி எறிய மனசு வராது. இது வீடா, குடோனா என்று வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா அவர்?

அவரைப் பாடாய்ப் படுத்தியது ஆராய்ச்சி மாணவிதான். சோயா வேரில் முடிச்சு கட்டும் பாக்டீரியா, குட்டிக்குட்டி ஆர்.என்.ஏ. துணுக்குகளை வேருக்குள் அனுப்புகிறதாம். முடிச்சு போதும் என்று தடுக்கிற மரபணுக்களின் வாயை அவை அடைத்துவிட, முடிச்சு பெருகி, செடிக்குக் காற்றிலிருந்தே நைட்ரஜன் கிடைக்கிறதாம். அந்தத் துணுக்குகளைப் பிடித்துக்காட்ட மூன்று வருடமாக அவள் மாடாய் உழைக்கிறாள்.

வேரை அரைத்து, வடிகட்டி பொருத்திய குழாயில் ஊற்றிச் சுழற்றினால் நீளமான ஆர்.என்.ஏ. வடிகட்டியில் ஒட்டிக்கொள்ளும். கீழே இறங்கும் நீரைக் கொட்டிவிடு என்கிறது கையேடு. டப்பாக்காவுக்கு அங்கேதான் இடித்தது.

"பாப்பா, நீ தேடுறது சின்னதுதானே? அது வடிகட்டியில எப்படி நிக்கும்?"

"கையேட்டுல இருக்கறத செய்யுங்கக்கா."

துறைத்தலைவரிடம் போனால், ஃப்ரீசரில் இடமில்லை, வெள்ளிக்கிழமைக்குள் கழிவையெல்லாம் கொட்டு என்று எரிந்து விழுந்தார். படித்தவர்களிடம் பேசி வாய் வலித்ததுதான் மிச்சம். டப்பாக்காவுடையது வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. கையெழுத்துப் போட வேண்டியவர் தலைவர். சரி சார் என்று தலையாட்டிவிட்டு, வடிநீர் இருந்த நாற்பத்தெட்டுக் குழாய்களையும் ஒரு டப்பாவில் அடுக்கிப் பக்கத்துத் துறை ஃப்ரீசரில் ஒளித்துவைத்தார் டப்பாக்கா.

இரண்டு மாதத்தில் சோதனை முடிவு வந்தது. துணுக்கு ஒன்றுகூட இல்லை. மறுபடி விதைக்க அவகாசமும் இல்லை. மாணவி மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். புதுப்பிப்புத் தாளோ இன்னும் தலைவர் மேசையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது. சொன்னதை மீறியது தெரிந்தால் வேலை போய்விடும். டப்பாக்கா அவளைத் திட்டித் தீர்த்தார். திட்டிக்கொண்டே போய் டப்பாவை எடுத்து வந்தார்.

அந்த நீரில்தான் துணுக்குகள் அத்தனையும் இருந்தன.

துறைக் கூட்டத்தில் தலைவர் பெருமையாகப் பேசினார். வடிநீரைப் பத்திரப்படுத்த அன்றே தாம் முடிவெடுத்தாராம். கேட்கக் கேட்கப் பின்வரிசையில் டப்பாக்காவுக்கு வயிறு எரிந்தது.

மாணவி எழுந்தாள். "சார், நீங்க கொட்டச் சொன்னீங்க. நானும் அதத்தான் சொன்னேன். எடுத்து வச்சது அக்கா."

 தலைவரின் முகம் சுண்டிப்போனது. இந்தப் பெண்ணுக்கு எப்போது வாயைத் திறப்பதென்றே தெரியாதா, புதுப்பிப்புத் தாளில் கையெழுத்து விழும்வரை பொறுத்தால் என்ன என்று டப்பாக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேதான் அதையும் நினைத்தார்.