லகாட் மண்ணும் காணாமல் போன பாஸ்பேட்டும்

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை ஈப்போவுக்குப் போனேன், ஊர் சுற்ற அல்ல, மண் எடுக்க. கோலாலம்பூரில் (பேச்சில் கேயெல்) நுண்ணுயிரியல் முதுகலை ஆய்வு செய்கிறேன். என்னைப் போல் ஆய்வுக்காகப் பழைய தோட்டங்களுக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் நான் விட்ட கோட்டையை நீங்களும் விடாமல் இருக்கலாம்.

எதற்கு மண் என்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட் தாண்டி ஒரு பழைய ரப்பர் தோட்டத்து மண்ணில் கிடைத்த பாக்டீரியாவின் செல்சுவர்தான் என் ஆய்வு. அந்தச் சுவரில் முதலில் ஒரு வலை இருக்கிறது. இரண்டு வகைச் சர்க்கரைகள் மாறி மாறிக் கோத்த சங்கிலிகளைச் சின்னச் சின்ன அமினோ அமிலத் துண்டுகள் குறுக்கே பிணைத்திருக்கும். பெயர் பெப்டிடோகிளைக்கான். அந்த வலையில் நீள நீளமாக இழைகள் தொற்றிக்கொண்டிருக்கும். என் பாக்டீரியாவில் அது டெய்கோயிக் அமிலம். கிளிசரால், பாஸ்பேட், கிளிசரால், பாஸ்பேட் என்று அடுத்தடுத்து வரும். இதுவரை குழப்பமில்லை.

இந்தப் பாக்டீரியா கடையில் விற்கும் வளர்ப்புக் கரைசலில் சரியாக வளராது. அதனால் அது பிறந்த மண்ணையே வேகவைத்து, ரசம் வடிப்பது போல் வடிகட்டி, அந்தச் சாற்றில் வளர்ப்போம். முதல் மண் தீர்ந்ததும் மறுபடி போய் எடுத்து வந்தேன். அதில் வளர்த்த பாக்டீரியாவின் சுவரைப் பிரித்துப் பார்த்தது என்னோடு வேலை செய்யும் அமுதா. பாஸ்பேட் இல்லை என்றாள். மூன்று தடவை திரும்பச் செய்தாள், மூன்று தடவையும் இல்லை. அதே பாக்டீரியா, அதே மண், எப்படி இல்லாமல் போகும்? அவள் சோதனைக் குழாய்களை மாற்றி எடுத்துவிட்டாள் என்று மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் அவளை இந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார். அவள் மேல்மாடி ஆய்வகத்துக்குப் போய்விட்டாள். நான் சொன்னதுதான் சரி என்று காட்டத்தான் இந்தப் பயணம்.

காலை 7.05க்கு ரயில், 9.30க்கு ஈப்போ. நிலையத்துக்கு அருகில் ரொட்டி சானாயும் தே தாரிக் டீயுமாகப் பசியாறினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு 14 கிலோமீட்டர், காரில் 25 நிமிடம், 22 ரிங்கிட். ஓட்டுநர் சேகர் அண்ணனுக்கு நான் வாளியும் மண்வெட்டியுமாக ஏறியதைப் பார்த்துச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஈப்போக்கு வந்தா எல்லாரும் பிஸ்கட் வாங்கிட்டுப் போவாங்க. நீங்க மண்ணு அள்ளிட்டுப் போறீங்களா?"

"ஆராய்ச்சிக்குண்ணே."

"ஏன், கேயெல்ல மண்ணு இல்லையா?"

அவரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுத் தோட்டத்தில் இறங்கினேன். ரப்பர் பால்மரங்களை வெட்டி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் ஆறு வீடுகள் மிச்சம். அனுமதிக் கடிதத்தைக் காவலாளியிடம் காட்டிவிட்டு போன தடவை எடுத்த இடத்திலேயே தோண்டினேன். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் பாஸ்பேட் சோதனைச் சொட்டுமருந்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். மண்ணைத் தண்ணீரில் கலக்கித் தெளியவைத்துச் சொட்டு விட்டால், பாஸ்பேட் இருந்தால் நீலமாகும்; நீலமானால் தப்பு அமுதாவுடையதுதான். படம் எடுத்து மேற்பார்வையாளருக்கு அனுப்பலாம் என்று கைப்பேசியைக்கூட எடுத்துவிட்டேன்.

நீலம் வரவில்லை. மறுபடி விட்டேன், தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. மருந்து கெட்டுவிட்டதா, நான்தான் சொட்டை எண்ணுவதில் தப்பு செய்கிறேனா என்று ஒன்றும் புரியவில்லை.

லயத்தில் ஆடு வளர்க்கும் லெட்சுமி அக்கா கொட்டகைப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "போன தடவ ஆட்டப் பாத்துட்டு மூக்கப் பொத்திக்கிட்டு அந்தாண்ட போன பொண்ணுதானே நீ?"

எனக்குச் சுருக்கென்றது. முதல் தடவை வந்தபோது அங்கே ஆடு இல்லை, புதர்தான். அந்தப் புதரோரம்தான் தோண்டினேன். இரண்டாவது தடவை ஆட்டுக்கொட்டகை வந்திருந்தது. புழுக்கை கலக்காமல் மண் சுத்தமாக இருக்கட்டும் என்று இருபது அடி தள்ளிப் போனேன். குறிப்பேட்டில் எழுதியதோ 'அதே இடம்'.

கொட்டகை ஓரத்து மண்ணைச் சோதித்தேன். கரு நீலம். உடனே அடுத்த குழப்பத்தை வாய்விட்டே சொன்னேன்: ஆட்டுப் புழுக்கையிலும் பாஸ்பேட் உண்டே?

"சிமெண்டுக்கு அடியில பாருலா, ஆடு அங்கயா போய் புழுக்க போடும்?" என்று அக்கா கடப்பாரையை எடுத்து வந்தார். கொட்டகைக்குள் வெடித்துக் கிடந்த பழைய சிமெண்டுத் தரையைச் சேகர் அண்ணன்தான் பெயர்த்தார். அடியில் மண்ணோடு சாம்பலும் பழுப்புமாகத் தூள். சொட்டு விட்டதும் நீலம்.

"இது முன்ன உரம் வெச்ச ஸ்டோர்லா. அந்தப் பாறை பாஸ்பேட்ட நான் எத்தன வாளி தூக்கியிருக்கேன் தெரியுமா? கீழ கொட்டுனா கணக்கு எழுதுற கிராணி கத்துவாரு," என்றார் அக்கா.

முதல் மண்ணில் உரத்து பாஸ்பேட், இருபது அடி தள்ளி எடுத்த மண்ணில் அது இல்லை. பாஸ்பேட் கிடைக்காத இடத்தில் சில பாக்டீரியாக்கள் டெய்கோயிக் அமிலத்தைக் கைவிட்டு, பாஸ்பேட்டே இல்லாத டெய்குரோனிக் அமிலத்தைக் கட்டிக்கொள்ளும். சர்க்கரை அமிலத்தை வைத்தே சமாளித்துவிடும். பாடப்புத்தகத்தில் இருப்பதுதான், நான் பரீட்சையில் எழுதியதும்தான். இரண்டு சாறும் ஒன்றே என்று நம்பியதால் அது நினைவுக்கே வரவில்லை. அமுதா கண்டது சரி.

மேற்பார்வையாளரை அங்கிருந்தே அழைத்தேன். இடம் மாறியதைக் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறாயா என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். திங்கட்கிழமை இருவரும் வாருங்கள் என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டார். பிறகு அமுதாவை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

"மூணு தடவ செஞ்சேனே. ஒரு தடவையாச்சும் என் பக்கத்துல நின்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

போகிறவர்களுக்கு: மதியத்துக்குள் வேலையை முடியுங்கள், மூன்று மணிக்கு மேல் மழை. திரும்பக் கார் கிடைக்காது. வந்த வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள், போக வர, காத்திருப்பு எல்லாம் சேர்த்து எனக்கு 60 ரிங்கிட் ஆனது. தோண்டும் இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அங்கே வேலை செய்தவர்களிடம் கேளுங்கள். ஓர் அடி நகர்ந்தாலும் எழுதுங்கள். இரண்டு சுவரில் எது அந்தப் பாக்டீரியாவின் சொந்தச் சுவர் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் குழப்பம்தான்.

இரண்டு மண்ணிலும் மறுபடி வளர்க்கிறோம். அமுதா திரும்பி வந்துவிட்டாள். என்னோடு சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு குழாயிலும் கையெழுத்துப் போட்டு, நேரம் எழுதி, படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் என் கையில் கொடுக்கிறாள். அப்படிச் செய்யும்படி யாரும் அவளிடம் சொல்லவில்லை.