கொடிகாமத்தில் திறக்காத யன்னல்

வெள்ளிக்கிழமை, காலை 6.35. சுன்னாகம் புகையிரத நிலையத்தில் கையில் மூன்றாம் வகுப்புச் சீட்டும் காதில் மனைவியின் கட்டளையுமாக நிற்கிறேன். சீட்டில் பள்ளை என்று இருந்தது. கட்டளையைப் புவனா வாசற்படலையில் வைத்துத் தந்திருந்தாள்.

"பழைய பெட்டி திறமோ புதுப் பெட்டி திறமோ எண்டு அந்த மனிசனோடை மல்லுக்கட்டக்கூடாது. பிள்ளையின்ரை கலியாணம் முற்றாகும் வரைக்கும் உங்கடை வாய்க்குப் பூட்டு."

அந்த மனிசன் என்பது மல்லாகத்து நடேசலிங்கம். அவருடைய மகன் கஜனும் என் மகள் துளசியும் படிக்கிற காலத்திலேயே ஒருவரையொருவர் விரும்பியவர்கள். சாதகமும் பொருந்திவிட்டது. மிச்சம் ஒன்றே ஒன்றுதான்: நடேசலிங்கத்தின் தமக்கை, கொடிகாமத்துப் பரமேசு அக்காவின் சம்மதம். தாயில்லாத கஜனை நாலு வயதிலிருந்து வளர்த்தவர் அவர். அவர் ஓம் என்றால்தான் ஓம்.

பரமேசு அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. பேச்சு முற்றாகும்வரை பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார். ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாலும் சம்மதித்த மாதிரியாகிவிடுமாம். நாங்கள் அவர் வீட்டுக்குப் போனாலும் அதே சிக்கல், வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது எப்படி? ஆகவே அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கஜன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க நானும் நடேசலிங்கமும் பள்ளைக்குப் போய் வருவது. திரும்பி வரும்போது கொடிகாமத்தில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்தில் அவர் மேடையில் நின்று யன்னலில் என்னைப் பார்ப்பது. துளசியைப் படத்தில் பார்த்துவிட்டார். "தகப்பனையும் ஒருக்காப் பாக்கவேணும்" என்றாராம். பிடித்தால் யன்னலால் ஒரு பலாப்பழம் உள்ளே வரும். பிடிக்காவிட்டால் பழம் வீட்டுக்குத் திரும்பிப் போகும்.

அறுபத்தொரு வயதில் என்னைப் பெண்பார்க்க வருகிறார்கள் என்று நினைக்க எனக்குச் சிரிப்பு வந்தது.

காலை 6.50. வண்டி வந்தது. பழைய பெட்டிகள். ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கும், இப்போது என்ன நிறம் என்று சத்தியம் செய்ய முடியாது. மல்லாகத்தில் ஏறிய நடேசலிங்கம் தனக்கு எதிரே லேஞ்சியை விரித்து எனக்கு யன்னலோர இடம் பிடித்து வைத்திருந்தார். லேஞ்சியை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "இருங்கோ, காத்து நல்லா வரும்" என்றார்.

காற்று வந்தது. அதோடு தூசி, கரி, தோட்டத்துப் புகையிலை வாசம், கொக்குவிலில் யாரோ தோசை சுடும் வாசம் எல்லாம் வந்தன. ஆசனத்தின் றெக்சின் கிழிந்து உள்ளே இருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது. அதன் கீழே இருந்த கம்பி என் முதுகின் ஒவ்வொரு எலும்பையும் எண்ணியது. மேலே கூட்டுக்குள் ஒரு மின்விசிறி. மின் ஆளியைப் போட்டும் சுழலாததை எதிர்ப்பக்கத்து ஐயா ஒருவர் பேனையை விட்டு ஒரு சுண்டுச் சுண்ட, அது மனமில்லாமல் சுழன்றது.

பழைய பெட்டியில் ஆசனங்கள் எதிரும் புதிருமாக இருப்பதால் முழங்காலோடு முழங்கால் முட்டும். முட்டிய பிறகு பேசாமல் இருக்க முடியாது. அந்தச் சத்தத்தில் மெதுவாகப் பேசவும் முடியாது. யாழ்ப்பாணம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் பெட்டியிலிருந்த எல்லாருக்கும் துளசிக்குக் கலியாணம் பேசுகிறோம் என்று தெரிந்துவிட்டது. வடை விற்றவர் மாப்பிள்ளை என்ன வேலை என்று கேட்டார். தென்னைப் பயிர்ச்செய்கை அலுவலர் என்றோம். நல்ல வேலை என்று சொல்லி ஒரு வடை கூடத் தந்தார்.

நாவற்குழியில் கடல்நீரேரிக்கு மேலே வண்டி போகும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. நடேசலிங்கம் கண்ணை மூடி அதை அனுபவித்தார். பிறகு கண்ணைத் திறந்து, "உந்தப் புதுப் பெட்டியளிலை உது கிடைக்குமோ?" என்றார்.

நான் புவனாவை நினைத்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். சாவகச்சேரி வரை தாக்குப்பிடித்தேன் என்பதை வாசகர்கள் எனக்குச் சாதகமாகக் கவனிக்கவேண்டும். அங்கே வண்டி புறப்பட்ட குலுக்கலில் தலை யன்னல் சட்டத்தில் மோதியது. வாய்ப்பூட்டு அதோடு கழன்றது.

"அண்ணை, நான் தண்ணிப் பம்பி திருத்திற மனிசன். ஒரு இயந்திரம் ஆளைப் போட்டு அடிக்காமல் வேலை செய்தால்தான் அது நல்ல இயந்திரம். மெத்தை ஆசனம், குளிர், சத்தமில்லை. அதிலை என்ன குறை?"

"குளிர்ப்பெட்டியிலை வாற சனம் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்குதோ? எல்லாரும் முன்னாலை இருக்கிறவன்ரை பிடரியைப் பாத்துக்கொண்டெல்லே போகினம்!"

"பிடரி எண்டாலும் என்ரை முதுகிலை குத்தாது, அண்ணை."

அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொடிகாமம், மிருசுவில், எழுதுமட்டுவாள் எல்லாம் கடந்து பள்ளை வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர் பயணத்தில் கடைசி இருபத்துச் சொச்சம் கிலோமீற்றரும் அவருடைய காதைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

பள்ளையில் கஜன் எங்களைத் தென்னங்கன்று மேடைகளுக்கிடையே நடக்கவிட்டு, மரத்துக்கு எத்தனை அடி இடைவெளி, வண்டு எப்படி வரும் என்றெல்லாம் விளக்கினான். நல்ல பிள்ளை. என் செருப்பில் சேறு பட்டதும் தானே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டான். அந்த நேரத்தில் எனக்கு அவனை மிகவும் பிடித்துப்போனது. காலையில் வாய்விட்டதை எண்ணி என்னையே திட்டிக்கொண்டேன்.

பிற்பகல் 2.40. பள்ளை நிலையம். சட்டைப்பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து நடேசலிங்கத்திடம் நீட்டினேன். கொழும்பிலிருந்து வரும் குளிரூட்டிய வண்டியில் முற்பதிவு செய்த ஆசனங்கள். நாலு நாளுக்கு முன்பே எடுத்து வைத்திருந்தேன். சம்பந்தியாகப் போகிறவரைச் சொகுசாகக் கூட்டிவந்து அசத்தவேண்டும் என்ற ஆசைதான். எந்தப் பெட்டி, எந்தப் பக்கம் என்று பரமேசு அக்காவுக்குக் கஜன் மூலம் சொல்லியும் அனுப்பியிருந்தேன்.

நடேசலிங்கம் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுத்தாச்சு. போவம்" என்றார். அவ்வளவுதான்.

நீல நிறப் பெட்டி. உள்ளே போனதும் ஆஸ்பத்திரியின் மருந்து அறைக்குள் நுழைந்த மாதிரிக் குளிர். சாயும் ஆசனம், மடித்து விரிக்கும் சிறு மேசை, கைத்தொலைபேசிக்கு மின்சாரம். தண்டவாளம் கீழே இருக்கிறதா என்றே தெரியவில்லை. என் முதுகு இருபது வருடத்துக்குப் பிறகு எனக்கு நன்றி சொன்னது. செருப்பைக் கழற்றி முன்னாசனத்தின் கீழே தள்ளிவிட்டுக் காலை மடித்து ஏறி உட்கார்ந்தேன். ஒரே ஒரு குறை, சத்தமில்லாததால் நான் கொறித்த கச்சான் கடலை மூன்று வரிசைக்கு அப்பாலும் கேட்டது. ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

நடேசலிங்கம் பத்து நிமிடம் விறைப்பாக இருந்தார். பிறகு ஆசனத்தைக் கொஞ்சம் சாய்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம். மிருசுவில் வரும்போது லேஞ்சியை முகத்தில் போட்டுக்கொண்டு குறட்டை விட்டார்.

வண்டி வேகத்தைக் குறைத்தது. கொடிகாமம். நான் தலையை வாரி, திருநீற்றைச் சரிபார்த்து, யன்னலைத் திறக்கக் கை வைத்தேன்.

கைபிடி இல்லை. கொளுக்கி இல்லை. மேலே தள்ளினேன், கீழே இழுத்தேன். அது யன்னலே இல்லை, சுவருக்குப் பதிலாக வைத்த கண்ணாடி. இரண்டு தலைமுறையாக யன்னலால் சோற்றுப் பொதியும் மாங்காயும் கைமாற்றிய ஊரில் பிறந்தவன் நான். யன்னல் என்றால் திறக்கும் என்று நம்பிவிட்டேன்.

மேடையில் பச்சைச் சேலையோடு பரமேசு அக்கா. கையில் பெரிய உமல், அந்தப் பனையோலைப் பைக்குள் உருண்டையாக ஏதோ. சொன்ன பெட்டிக்கு நேரே வந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார். வெளியிலிருந்து பார்த்தால் அது கறுப்பு. அவருக்குத் தெரிந்தது அவருடைய முகம்தான். காதோரத்து மயிரை ஒதுக்கினார். நான் உள்ளே இருந்து கும்பிட்டேன், கையாட்டினேன், கண்ணாடியில் தட்டினேன். அவர் நெற்றிப் பொட்டைச் சரிசெய்தார். பிறகு முகம் சுருங்கியது. திரும்பி நடக்கத் தொடங்கினார்.

"அண்ணை! அண்ணை!" நடேசலிங்கம் அசையவில்லை. நான் எழும்பி ஓடினேன். யாருடைய காலையோ மிதித்தேன், யாருடைய பையிலோ தடக்கினேன், கதவால் மேடையில் குதித்தேன்.

"அக்கா! நான்தான்! துளசியின்ரை தகப்பன்!"

அவர் திரும்பினார். எனக்குப் பின்னால் வண்டி புறப்பட்டது. அதோடு என் சால்வை, கைத்தொலைபேசி, நடேசலிங்கம், செருப்பு எல்லாம் போயின.

அவர் என்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டு வந்து பாதத்தில் நிறுத்தினார்.

"செருப்பு எங்கை?"

"கோச்சியிலை போட்டுது, அக்கா."

"தம்பி?"

"அவரும் போட்டார். நித்திரை."

அடுத்த வண்டிக்கு ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. இரண்டு நிமிடத்துக்கு ஆயத்தமான என்னைப் பரமேசு அக்கா நூற்றைந்து நிமிடம் பார்த்தார். மேடையிலிருந்த மர வாங்கில் ஒரு நுனியில் அவர், மறு நுனியில் நான், நடுவில் உமல். பலாப்பழ வாசம் நிலையத்தையே நிறைத்தது. உமலுக்குள் என்ன என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பார்க்காமல் இருந்தோம்.

"ஏன் உந்தக் குளிர்ப்பெட்டியிலை ஏறினனியள்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். வெறுங்காலோடு நிற்கிறவனுக்குப் பொய் வரவில்லை. "சொகுசு எண்டால் எனக்கு விருப்பம், அக்கா."

"மகளும் உப்பிடியோ?"

"இல்லை. அவள் தாயைப் போலை. தாய் என்னைக் கதைக்க வேண்டாம் எண்டு சொல்லித்தான் அனுப்பினவ."

"நீங்கள் கதைச்சியளோ?"

"சாவகச்சேரியிலை கதைச்சிட்டன்."

அவர் முகத்தை மறுபக்கம் திருப்பினார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

நாலு மணியளவில் இருவருக்கும் தொண்டை வறண்டது. அவர் எனக்கு வாங்கித் தரமுடியாது, நான் அவருக்கு வாங்கிக் கொடுக்கமுடியாது. நிலையத்துக்கு வெளியே இருந்த கடைக்குத் தனித்தனியாகப் போய், தனித்தனியாக நூறு ரூபாய் கொடுத்து, ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொண்டு பால் தேத்தண்ணி குடித்தோம்.

"ரண்டு பேரும் கோபமோ?" என்று கடைக்காரர் கேட்டார்.

"இன்னும் இல்லை" என்றார் அக்கா.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு அவர் குரல் மாறியிருந்தது. "நாலு வயசிலை என்னட்டை வந்தவன். என்ரை சீலைத் தலைப்பைப் பிடிக்காட்டில் நித்திரை வராது. இப்பவும் சனிக்கிழமையெண்டால் வந்திடுவான். உங்கடை பிள்ளை அவனைத் தூரத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிடுமோ எண்டுதான் எனக்குப் பயம். உங்களிலை ஒரு குறையும் இல்லை."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன். "அவையள் பள்ளையிலைதான் இருக்கப்போயினம், அக்கா. உங்களுக்கு மூண்டு தரிப்புத் தள்ளி. சுன்னாகத்திலை இருக்கிற எனக்குத்தான் தூரம். என்ரை பிள்ளையைத்தான் நீங்கள் எல்லாரும் கூட்டிக்கொண்டு போறியள்."

துளசி வீட்டை விட்டுப் போகப்போகிறாள் என்பது அந்த வாங்கில்தான் எனக்கு உறைத்தது. அக்கா உமலைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்தார். என் மனம் விழுந்துபோனது.

மாலை 4.55. வண்டி வந்தது. பழைய பெட்டிகள், பார்த்ததும் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. ஏறி, மேடைப் பக்கம் யன்னலோர இடத்தில் விழுந்தேன். கண்ணாடிச் சட்டம் மூடியிருந்தது. தூக்கினேன். அசையவில்லை.

வெளியே பரமேசு அக்கா உமலோடு நின்றார். இந்த முறை கண்ணாடி கறுப்பில்லை, என்னை நன்றாகத் தெரிந்தது. நான் துருப்பிடித்த சட்டத்தோடு மல்லுக்கட்டுவதும் நன்றாகத் தெரிந்தது. பேனையால் விசிறி சுழற்றுவார்கள், ஆனால் இறுகிய யன்னலுக்குப் பேனை போதாது. வண்டிக் காவலர் விசில் ஊதினார். எத்தனை பம்பியின் இறுகிய மூடியைத் திறந்திருப்பேன்! கீழ் மூலையில் முட்டியால் ஒன்று, மேல் மூலையில் ஒன்று. படாரென்று சட்டம் மேலே போய், அதே வேகத்தில் என் விரலில் விழுந்தது. கத்திக்கொண்டே மறுபடி தூக்கித் தோளால் முட்டுக்கொடுத்தேன்.

"பிடியுங்கோ, தம்பி!"

பழம் பாதியில் சிக்கியது. வெளியே அவர் தள்ள, உள்ளே நானும் எதிரே இருந்த ஒரு பெரியவரும் இழுக்க, வண்டி நகர, அக்கா கூடவே நடந்து கடைசித் தள்ளுத் தள்ளினார். பழம் என் மடியில் வந்து விழுந்தது. முள்ளெல்லாம் தொடையில் குத்தியது. எனக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதேன். பெட்டியிலிருந்தவர்கள் விரலில் அடி என்று நினைத்து மருந்தெண்ணெய் தந்தார்கள்.

மாலை 6.20. சுன்னாகம். விரல் வீங்க, தோளில் பழத்தோடு வெறுங்காலில் இறங்கினேன். மேடையில் நடேசலிங்கம் நின்றார். கையில் என் செருப்பு, கழுத்தில் என் சால்வை, சட்டைப்பையில் என் கைத்தொலைபேசி. கண் விழித்தபோது காங்கேசன்துறையில் கடைசித் தரிப்பில் இருந்தாராம், துப்புரவு செய்ய வந்தவர் எழுப்பினாராம். அங்கிருந்து ஓட்டோ பிடித்து வந்திருக்கிறார்.

முதலில் பழத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து என் செருப்பைக் காலடியில் சோடியாக வைத்தார்.

"போடுங்கோ, சம்பந்தி" என்றார். நான் போட்டேன். பழத்தை அவர் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். படிக்கட்டில் இறங்கும்போது குரலைத் தாழ்த்தி, "உந்தக் குளிர்ப்பெட்டிச் சீற் நல்ல சீற்தான். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.