சேவல்காரர் வீட்டு ஃபிரிட்ஜ்

சிங்கப்பூர் தோ பாயோவில் அந்த அடுக்குமாடிப் புளோக்குக்குப் போய் அங்கமுத்து வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சேவல்காரர் வீடு என்றால், கீழே சதுரங்கம் ஆடும் சீனக் கிழவர்கூட எட்டாவது மாடியைக் காட்டுவார்.

அங்கமுத்துவுக்குச் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. அந்த இரைச்சலிலும் காதில் விழ வேண்டும் என்று கைப்பேசிக்குச் சேவல் கூவுகிற சத்தத்தை வைத்திருந்தார். வீட்டுக்கு வந்தாலும் குறைக்க மாட்டார்.

"எட்டாவது மாடியில கோழி வளர்க்கிறோம்னு எவனாவது கம்ப்ளெய்ன் பண்ணப் போறான் லா" என்று மனைவி பஞ்சவர்ணம் திட்டுவாள்.

"பண்ணட்டும். ஆபீசர் வந்தா ரெண்டு முட்டை குடுத்து அனுப்பு."

"சேவல் முட்டை போடுதாக்கும்!"

பஞ்சவர்ணம் பாலர் பள்ளி ஒன்றில் சமைக்கிறாள். பிள்ளைகளை மலாயிலும் மிரட்டுவாள், மாண்டரினிலும் மிரட்டுவாள். ஆனால் வங்கி, டவுன் கவுன்சில், காப்புறுதி என்று எது வந்தாலும் பேசுவது அவர் பொறுப்பு. அவருடைய போனை அவள் தொட்டதே இல்லை. குளிக்கும்போது அது கூவினால், "ரக்ஷனா அப்பா, உங்க சேவல் கூப்பிடுது" என்று குளியலறைக் கதவைத் தட்டுவாள். அவர் சோப்பு நுரையோடு ஓடி வருவார்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியம் முடிந்ததும் மகள் ரக்ஷனா மெதுவாகக் கேட்டாள். "அம்மா, அப்பா லைனை கட் பண்ணிடவா?"

"இருக்கட்டும்."

போன் சாமி மேடையில், அவர் படத்துக்குப் பக்கத்தில் சார்ஜிலேயே கிடந்தது. வெளியே போனால் கைப்பையில் போட்டுக்கொள்வாள். ஆளில்லாத வீட்டில் தனியாகக் கூவிக்கொண்டிருந்தால் அவளுக்குத் தாங்காது.

முதலில் அடிக்கடி கூவியது. விஷயம் தெரியத் தெரியக் குறைந்தது. பொங்கலுக்குப் பிறகு எப்போதாவது ஒருமுறைதான். கூவினால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து எதிரே நிற்பாள். எடுக்க மாட்டாள். எடுத்தால் சொல்ல வேண்டிவரும். எடுக்காதவரை, யாரோ அவரைத் தேடுகிறார்கள், அவர் குளித்துக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். கூட வேலை பார்த்த வடிவேலுவாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். மறக்கவில்லையே மனுஷன் என்று அன்றைக்கு முழுவதும் மனது நிறைந்திருக்கும்.

ஏப்ரலில் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. வீட்டுச் சாமான்களுக்கு அவர் எடுத்துவைத்த காப்புறுதி இருக்கிறதே என்ற தைரியத்தில் ஆளைக் கூப்பிட்டு கம்ப்ரஸரை மாற்றச் சொன்னாள். அறுநூறு வெள்ளிக்கு மேல் பில் வந்தது. காப்புறுதி பிப்ரவரியிலேயே காலாவதியாம்.

சிராங்கூன் சாலைக்குப் பின்தெருவில், ஒரு பூக்கடைக்கு மேல் இருந்தது காப்புறுதி அலுவலகம். ரக்ஷனா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ச் சண்டைக்கு நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லாம எப்படி கான்சல் பண்ணுவீங்க? அப்பா பேங்க் அக்கவுண்ட் முடங்கிருச்சு, அதான் பணம் போகல. எங்களுக்கு இன்ஃபார்ம் பண்ணீங்களா?"

முகப்பில் இருந்த இளைஞன் கேசவன் திரையை அவர்கள் பக்கம் திருப்பினான். "கூப்பிட்டிருக்கோம் சிஸ். ஜனவரி, பிப்ரவரி, மார்ச்... ஒவ்வொரு தடவையும் ரிங் போயிருக்கு. யாரும் எடுக்கல."

பஞ்சவர்ணம் அந்தத் திரையையே பார்த்தாள். தைப்பூசத்தன்று காலையில் கூவியது அதில் இருந்தது. அவள் பாயசம் கிண்டும்போது கூவியது இருந்தது. வடிவேலு இல்லை. யாருமே இல்லை.

"அம்மா, நீ எடுக்கவே இல்லையா?" ரக்ஷனாவின் குரல் இறங்கிவிட்டது.

"அங்கிள் தவறினது எங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி. சாரி," என்றான் கேசவன். "காலாவதிக்கு முன்னாடியே தவறினதால காப்புறுதியை உங்க பேருக்கு மாத்திக்கலாம். ஃபிரிட்ஜ் பில் பணத்தையும் நாங்களே குடுத்துடுவோம். பழைய நம்பரை மட்டும் எடுத்துடணும். அதுக்கு அந்த நம்பருக்கே ஒருதடவை கூப்பிட்டு, சம்மதத்தை ரெக்கார்ட் பண்ணணும். போன் இருக்கா?"

பஞ்சவர்ணம் கைப்பையைப் பார்த்தாள். அறுநூறு வெள்ளி என்றால் அவள் சம்பளத்தில் பாதி. தலையசைத்தாள்.

கேசவன் எண்களை அழுத்தினான். பைக்குள்ளிருந்து சேவல் கூவியது. வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யாருப்பா கோழி கொண்டாந்தது?" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. ரக்ஷனா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சேவல் மறுபடி கூவியது. பஞ்சவர்ணம் போனை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். இன்னொருமுறை கூவட்டும் என்று விட்டாள். பிறகு காதில் வைத்தாள்.

"வணக்கம். மிஸ்டர் அங்கமுத்துகூடப் பேசலாமா?" கேசவனின் குரல் எதிரிலும் கேட்டது, காதுக்குள்ளும் கேட்டது.

"அவரு குளிச்சிக்கிட்டு இருக்காரு" என்றாள் பஞ்சவர்ணம்.

கேசவன் தலையைக் குனிந்துகொண்டான். அவசரப்படுத்தவில்லை. சிரித்தவர்களும் அடங்கிப்போனார்கள்.

"இல்லீங்க," என்றாள். "அவரு தவறிட்டாரு. இனிமே இந்த நம்பருக்குக் கூப்பிடாதீங்க."

கேசவன் நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தான். அவள் வைக்கவில்லை.