பெயரை மாற்றினேன், இருமலை மாற்றவில்லை

கதை எழுதுவோர் தம் பாத்திரங்களை எங்கிருந்து பெறுகிறார்கள் என்று சிலர் வியப்பதுண்டு. நான் ஒருவரை அடுத்த தெருவிலிருந்து எடுத்தேன். அதனால் நேர்ந்ததை உங்கள் இதழுக்கு இக்கடிதமாக எழுதுகிறேன்.

அவர் பாளையங்கோட்டையில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் என் நண்பர். சாமிக்குப் படைப்பதற்கு முன் ருசி பார்க்கலாகாது என்பதால், தேங்காய்ப்பால் குழம்பான சொதியின் பக்குவத்தை மணத்தாலேயே அறிவார். ஒரு காய்ச்சலுக்குப் பின் அவருக்கு மணமே தெரியாமற் போயிற்று. அன்று முதல் அவர் மனைவி அருகில் நின்று, பக்குவம் வந்ததும் இலேசாக இருமிக் காட்டுவார். என்னை நம்பி நண்பர் இதைச் சொன்னார். அவ்விருவரின் அன்பில் நெகிழ்ந்து நான் அதைக் கதையாக்கினேன். பெயரையும் ஊரையும் மாற்றினேன்; இருமலை விட்டுவிட மனம் வரவில்லை.

கதை அச்சான பின் இரண்டு கல்யாண வீட்டார் வேறு சமையல்காரரை அமர்த்திக்கொண்டனர். ஒரு வீட்டுக்கு நேரிற் சென்று, அது முழுக் கற்பனை என்று வாதாடினேன்.

"கத அருமை அண்ணாச்சி, வீட்டுல எல்லாரும் வாசிச்சோம். அந்த அம்மா இருமுதத நாங்களே கேட்டிருக்கோமே" என்றார் பெண்ணின் தந்தை.

நண்பர் என்னை ஏசவில்லை. "பேர மாத்தினீரு, ஊர மாத்தினீரு. எம் மூக்க மாத்தலியே வே" என்றார். அச்சேறியதைத் திரும்பப் பெற வழியில்லை.

இப்போது எவரைக் கண்டு எழுதினாலும் அவருக்கே முதலில் வாசித்துக் காட்டுகிறேன், வேண்டாமென்றால் கிழித்துவிடுகிறேன். இக்கடிதத்தையும் நண்பருக்கு வாசித்தேன். முகூர்த்த நாளில் வேலையின்றி வீட்டில் அமர்ந்திருந்தவர், "அனுப்பும் வே. இனிமே யாருக்குத் தெரியாம இருக்கு?" என்றார்.